ஒரே பெட்டியை நம்பி எவ்வளவு நாள்? நிண்டெண்டோவின் கணக்கும் உங்க சம்பளக் கணக்கும்



நிண்டெண்டோ ஸ்விட்ச் உங்களில் பலருக்குத் தெரிஞ்சிருக்கும். கையில் வைத்தும் விளையாடலாம், வீட்டுக்கு வந்து டாக்கில் சொருகினால் டிவியிலும் ஓடும். 2017 மார்ச் 3-ல் வந்தது. இதுவரை 15 கோடிக்கு மேல் விற்றிருக்கு. 2025 ஜூன் 5-ல் ஸ்விட்ச் 2 வந்தது. அதுவும் அதே வடிவம்தான். முதல் நாலு நாளில் மட்டும் 35 லட்சத்துக்கு மேல் விற்றுப்போச்சு.

இதுக்கு அடுத்த மெஷினும் இப்படியே இருக்கணுமா, இல்ல கம்பெனி வேற ஏதாவது புதுசா யோசிக்கணுமா? கேம் ஆடுறவங்க நடுவுல இது ஓயாத சண்டை. நான் இதை ஒரு ஆடிட்டரா பார்க்கிறேன். ஏன்னா இதே கேள்வி மாதச் சம்பளம் வாங்குற ஒவ்வொருத்தர் வீட்டிலும் வேற பெயரில் இருக்கு.

என் பதிலை முதலிலேயே சொல்லிடுறேன். வடிவத்தை மாற்றத் தேவையில்லை. ஆனா அந்த ஒரு வடிவத்தை மட்டும் நம்பி நிற்கக் கூடாது. இது ரெண்டும் தனித்தனி முடிவுகள்.

ரெண்டு அடுப்பு, ஒரே சமையல்காரர்

ஸ்விட்சுக்கு முன்னாடி நிண்டெண்டோ ரெண்டு தனி மெஷின்களை விற்றது. கையில் வைத்து விளையாட 3டிஎஸ் (2011), டிவியில் விளையாட வீ யூ (2012). இதற்கான கேம் அதில் ஓடாது, அதற்கானது இதில் ஓடாது.

கணக்குப் படிச்சவங்களுக்கு இது உடனே உறுத்தும். ஒரு கேம் தயாரிக்கிற செலவில் பெரும்பகுதி ஆட்களின் சம்பளம். அது நிலையான செலவு. 10 லட்சம் பிரதி விற்றாலும், 1 கோடி விற்றாலும் அந்தச் செலவு ஏறக்குறைய அதேதான். ரெண்டு மெஷின் இருந்தா, இருக்கிற ஆட்களை ரெண்டாகப் பிரிக்கணும். வீ யூவுக்கு கேம்கள் மெதுவாக வந்தன. கேம் இல்லாததால் மக்கள் மெஷினை வாங்கலை. மக்கள் வாங்காததால் வெளிக் கம்பெனிகளும் அதுக்கு கேம் செய்யலை. கடைசியில் மொத்த விற்பனை சுமார் 1.35 கோடியோடு நின்றது. 2014 மார்ச்சில் முடிந்த நிதியாண்டு வரை தொடர்ந்து 3 ஆண்டுகள் செயல்பாட்டு நட்டம். தலைவராக இருந்த சடோரு இவாட்டா 2011-லும் 2014-லும் தன் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார்.

ஸ்விட்ச் இந்தச் சிக்கலை ஒரே அடியில் தீர்த்தது. ஒரே மெஷின், ஒரே கேம் வரிசை, எல்லா வாடிக்கையாளரும் ஒரே இடத்தில். அதே நிலையான செலவு பல மடங்கு பேர் மேல பரவுது. வடிவத்தை வைத்துக்கொள்ள இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

ஆனா இன்னொரு கால் போயிடுச்சு

இப்போ மறுபக்கம் பாருங்க. 2001-ல் வந்த கேம்கியூப் சுமார் 2.17 கோடிதான் விற்றது. அப்போ கம்பெனியைத் தாங்கியது 8 கோடிக்கு மேல் விற்ற கேம் பாய் அட்வான்ஸ். வீ யூ கவிழ்ந்தப்போ 3டிஎஸ் சுமார் 7.6 கோடி விற்றுக் கைகொடுத்தது. ஒரு கால் வழுக்கினால் இன்னொரு கால் இருந்தது.

இப்போ அந்த ரெண்டு காலையும் ஒன்றாகச் சேர்த்தாச்சு. அடுத்த மெஷின் வீ யூ மாதிரி ஆனா, தாங்கிப் பிடிக்க வேற மெஷின் இல்லை. செலவு குறைஞ்சது, ஆனா ஆபத்து ஒரே இடத்தில் சேர்ந்துடுச்சு. ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்கியிருக்காங்க.

எக்ஸ்எல் வண்டியும் சேத்தக்கும்

எங்க செல்லிப்பட்டுல, ஏன், பாகூர், வில்லியனூர் பக்கம் எங்க போனாலும், காலையில் பால் கேனோடும் தவிட்டு மூட்டையோடும் டிவிஎஸ் எக்ஸ்எல் போகும். அதுவும் ஒரு ரெண்டுங்கெட்டான் வண்டிதான். பின் சீட்டைக் கழற்றினா சரக்கு வண்டி, மாட்டினா குடும்ப வண்டி. 1980-ல் ஓசூரில் இருந்து டிவிஎஸ் 50-யாக ஆரம்பிச்ச குடும்பம் அது. மற்ற மொபெட் கம்பெனிகள் எல்லாம் கடையை மூடின பிறகும் இது ஓடுது.

எப்படி? வடிவத்தைத் தொடலை, உள்ளே இருக்கிறதை மாற்றிக்கிட்டே இருந்தாங்க. 2015-ல் எக்ஸ்எல் 100 வந்தப்போ டூ-ஸ்ட்ரோக் போய் ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின் வந்தது. பிஎஸ்-6 விதிக்காக ஃப்யூயல் இஞ்செக்‌ஷன் வந்தது. அதோட, டிவிஎஸ் எக்ஸ்எல்லை மட்டும் நம்பி இல்லை. ஜூபிட்டர், அப்பாச்சி, ஐக்யூப் என்று வேற கால்களும் இருக்கு.

பஜாஜ் கதை நேர்மாறு. சேத்தக்குக்குப் பதிவு பண்ணிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் உண்டு. அப்புறம் 2009-ல் ஸ்கூட்டரே வேண்டாம், மோட்டார் சைக்கிள் போதும் என்று முடிவெடுத்தாங்க. ஆனா மக்களுக்கு ஸ்கூட்டர் அலுக்கலை. கியர் இல்லாத, ஓட்ட எளிதான ஸ்கூட்டர்தான் தேவைப்பட்டது. அந்த இடத்தை ஹோண்டா ஆக்டிவா எடுத்துக்கிச்சு. 2020-ல் பஜாஜ் மின்சார சேத்தக்கோடு திரும்பி வந்தது. பழசானது ஸ்கூட்டர் என்ற வடிவம் இல்லை, அதன் உள்ளே இருந்தது.

நிண்டெண்டோ செய்ய வேண்டியது

வடிவம் இருக்கட்டும். ஆனா அந்த வடிவம் இனி அவங்களுக்கு மட்டும் சொந்தம் இல்லை. 2022-ல் வால்வ் கம்பெனியின் ஸ்டீம் டெக் வந்தது, பின்னாடியே அசூஸும் வந்தது. நிண்டெண்டோவிடம் மட்டுமே இருக்கிறது மரியோ, செல்டா மாதிரியான கேம்கள். பழைய ஸ்விட்ச் கேம்களில் பெரும்பாலானவை ஸ்விட்ச் 2-லும் ஓடுறது அதனால்தான் முக்கியம். வாங்கினவர் போட்ட பணம் அடுத்த மெஷினுக்கும் கூட வருது.

இன்னொரு காலுக்கும் முயற்சி நடக்குது. 2021-ல் ஜப்பானில் தீம் பார்க் திறந்தது. 2023-ல் வந்த மரியோ படம் 130 கோடி டாலருக்கு மேல் வசூல் செய்தது. மெஷின், கேம் வருமானத்துக்குப் பக்கத்தில் இது இன்னும் சின்னதுதான்.

கடைசியா, பேலன்ஸ் ஷீட். வங்கியில் 1 லட்சம் கோடி யென்னுக்கு மேல் ரொக்கம், பெரிய கடன் இல்லை. வீ யூ தோற்ற பிறகும் நிதானமாக உட்கார்ந்து ஸ்விட்சை உருவாக்க முடிந்ததுக்கு, நல்ல நாளில் சேர்த்து வைத்த பணமும் ஒரு காரணம். (இது பங்கு வாங்கச் சொல்லும் பரிந்துரை இல்லை.)

இப்போ உங்க கணக்கு

உங்க ஸ்விட்ச் எது? உங்க வேலைதான். "நான் எஸ்ஐபி, ஆர்டி, எல்ஐசி எல்லாம் போட்டிருக்கேன் சார், பிரிச்சுத்தான் வச்சிருக்கேன்" என்று நிறைய பேர் சொல்றாங்க. பணம் போற இடம் பல. வர்ற இடம்? ஒரே சம்பளம். வீட்டுக் கடன் இஎம்ஐ, அப்பா அம்மாவின் மருத்துவக் காப்பீடு எல்லாமே அந்த ஒரே கம்பெனியில் தொங்குது. அந்த வேலை போனா எல்லாம் ஒரே நாளில் ஆடும்.

அதுக்காக வேலையை விடச் சொல்லலை. வடிவம் நல்லாத்தான் இருக்கு. சுற்றி நாலு விஷயம் செய்யுங்க.

1. ரொக்கம். சம்பளம் 35,000, தவிர்க்க முடியாத செலவு 24,000 என்று வைப்போம். 6 மாதத்துக்கு 1,44,000 ரூபாய். மாதம் 6,000 ஒதுக்கினா 24 மாதத்தில் தயார். போனஸ் வந்தா இன்னும் சீக்கிரம். இதை எஃப்டி அல்லது லிக்விட் ஃபண்டில் வைங்க, பங்குச் சந்தையில் வேண்டாம்.

2. சொந்த மருத்துவக் காப்பீடு. கம்பெனி தரும் குரூப் பாலிசி பொதுவா வேலையோடு முடிஞ்சிடும். வயசு குறைவா இருக்கும்போது எடுத்தா பிரீமியமும் குறைவு, காத்திருப்புக் காலமும் சீக்கிரம் முடியும்.

3. அடுத்த மெஷினிலும் ஓடும் திறமை. சேதராப்பட்டு ஃபேக்டரியோ, சென்னை ஐடி கம்பெனியோ, உங்க கம்பெனிக்குள் மட்டும் செல்லுபடியாகும் சாஃப்ட்வேரை மட்டுமே தெரிஞ்சு வச்சிருந்தா, வெளியே போனா பூஜ்ஜியத்திலிருந்து ஆரம்பிக்கணும். வெளியிலும் மதிப்புள்ள ஒன்றை வருஷத்துக்கு ஒன்றாவது கத்துக்குங்க.

4. சொந்தக் கம்பெனிப் பங்கில் அளவு. சம்பளமும் அங்கே, சேமிப்பும் அங்கேன்னா ரெண்டும் சேர்ந்தே இறங்கும். என் கணக்கில் மொத்த முதலீட்டில் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம்.

ரெண்டாவது வருமானம் இதுக்கெல்லாம் அப்புறம். அதுக்கு முன்னாடி உங்க நியமனக் கடிதத்தில் வெளி வேலைக்கு அனுமதி இருக்கா என்று படிச்சுப் பாருங்க.

இன்னிக்கு ராத்திரி ஒரு வேலை: கடைசி 3 மாத வங்கி ஸ்டேட்மென்ட்டை எடுங்க. வாடகை, இஎம்ஐ, மளிகை, மருந்து, ஸ்கூல் ஃபீஸ், இதை மட்டும் கூட்டுங்க. வர்ற தொகையை ரெண்டால் பெருக்குங்க. அதுதான் உங்க 6 மாத ரொக்கம். அதில் இப்போ கையில் எவ்வளவு இருக்கு என்று எழுதி வச்சுக்குங்க. மீதியை எப்படிச் சேர்க்கிறது என்று வீடியோவில் எக்செல் ஷீட்டோடு காட்டியிருக்கேன்.