மூன்று முறை எழுதப்பட்ட ஒரு வாழ்க்கை

ஆசிரியை ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு வாசிக்கக் கொடுக்கத்தக்க வாழ்க்கை வரலாறு ஒன்றைச் சொல்லும்படி கேட்டிருந்தார். போராட்டமும் தியாகமும் அதில் இருக்கவேண்டும், வாசித்து முடித்ததும் பிள்ளைகளுக்கு ஓர் உந்துதல் பிறக்கவேண்டும் என்பது அவரது விருப்பம். பத்து நூல்களைக் கேட்டிருந்தால் எனக்குச் சிரமம் இருந்திராது. ஒன்றே ஒன்று என்று கேட்டதால், இந்த வார நிகழ்ச்சி முழுவதையும் அதற்கே ஒதுக்கவேண்டியதாயிற்று.

நேயர்களே, நான் தெரிவு செய்திருப்பது பிரெடெரிக் டக்ளஸ் என்ற அமெரிக்கக் கறுப்பினத்தவரின் தன்வரலாறு. அடிமையாகப் பிறந்தவர். தப்பி ஓடியவர். பின்னர் எழுத்தாளராக, பத்திரிகை ஆசிரியராக, தம் காலத்தின் தலைசிறந்த பேச்சாளர்களுள் ஒருவராக விளங்கியவர். இவ்வளவும் உங்களிற் பலருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அவர் தமது வாழ்க்கையை மூன்று முறை நூலாக எழுதினார் என்பதும், முதல் நூலிலே தம் வாழ்வின் மிகப் பரபரப்பான சம்பவத்தை வேண்டுமென்றே சொல்லாமல் விட்டார் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அந்த நூல்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்தச் சொல்லாமல் விட்ட இடந்தான்.

மேரிலாந்து மாநிலத்தில், 1818ஆம் ஆண்டு பெப்ரவரியில் அவர் பிறந்தார் என்று எசமானின் கணக்கேட்டை வைத்து இன்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். டக்ளசுக்கு அது தெரியாது. தமது பிறந்த நாளும் வயதும் தமக்குத் தெரியாது என்ற செய்தியோடுதான் அவரது முதல் நூல் ஆரம்பமாகிறது. ஒரு தன்வரலாறு இப்படித் தொடங்குவதை எண்ணிப் பாருங்கள். நாமெல்லாம் முதல் வரியிலேயே பிறந்த திகதியை எழுதிவிடுவோம்.

தாயார் 12 மைல் தொலைவிலுள்ள வேறொரு பண்ணையில் வேலை செய்தவர். பகல் முழுவதும் வயலில் உழைத்துவிட்டு, இரவில் கால்நடையாக வந்து, மகனுக்குப் பக்கத்தில் படுத்து அவனை உறங்க வைத்துவிட்டு, விடியுமுன் திரும்பிவிடுவார். சூரியன் உதிக்கும்போது வயலில் இல்லாவிட்டால் சவுக்கடி. இப்படி நான்கைந்து முறைதான் தாயைப் பார்த்ததாக டக்ளஸ் எழுதுகிறார். ஏழு வயதளவில் தாயார் இறந்துபோனார். அடக்கத்துக்குக்கூட மகன் போகவில்லை, போக அனுமதியில்லை.

1826இல் சிறுவனைப் பால்ட்டிமோர் நகருக்கு, ஹியூ ஓல்ட் என்பவரது வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அந்த வீட்டு எசமானி சோபியா அதற்குமுன் அடிமை வைத்திராத பெண். கள்ளமில்லாமல் சிறுவனுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கத் தொடங்குகிறாள். மூன்று நான்கு எழுத்துச் சொற்களைக் கூட்டி வாசிக்கும் நிலைக்கு வந்தபோது கணவன் கண்டுபிடித்துவிடுகிறான். அடிமைக்கு எழுத்தறிவித்தால் அவன் அடிமையாக இருக்கமாட்டான் என்று அவள்மேல் சினக்கிறான். பக்கத்தில் நின்று கேட்ட சிறுவனுக்கு அந்த ஏச்சே பெரிய பாடமாகிவிடுகிறது. எதற்காக இவன் இவ்வளவு பயப்படுகிறானோ அதுதான் எனக்கு வேண்டியது என்று அவன் முடிவு செய்கிறான்.

இதன் பிறகு வரும் பக்கங்களை நம் மாணவர்கள் கட்டாயம் வாசிக்கவேண்டும். எசமான் வீட்டில் பாண் தாராளமாகக் கிடைத்தது. தெருவில் விளையாடிய ஏழை வெள்ளைக்காரப் பையன்களுக்கோ பசி. எனவே சட்டைப்பையில் பாண் துண்டுகளை எடுத்துப் போய், அவற்றைக் கொடுத்து எழுத்துகளை வாங்கிக்கொள்கிறான். கப்பல் கட்டும் துறையில் மரப்பலகை ஒவ்வொன்றும் கப்பலின் எந்தப் பக்கத்துக்குரியது என்று தச்சர்கள் எழுத்துக் குறியிடுவார்கள். அந்த நான்கைந்து எழுத்துகளே அவனுக்குக் கொப்பிப் புத்தகம். ஓல்ட் வீட்டுப் பையன் எழுதி முடித்துப் போட்ட பழைய கொப்பிகளில் மிஞ்சியிருந்த இடைவெளிகளில், திங்கட்கிழமைகளில் எசமானி வெளியே போகும் நேரம் பார்த்து, எழுதிப் பழகுகிறான். 12, 13 வயதில் 50 சதம் சேர்த்து ஒரு புத்தகம் வாங்குகிறான். அது பிரபல உரைகளின் தொகுப்பு. பிற்காலத்துப் பேச்சாளரின் மூலதனம் அந்த 50 சதந்தான்.

இங்கே ஒரு சிறு விடயத்தைக் கவனிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தமக்கு எழுத்துச் சொல்லித் தந்த பையன்களின் பெயர்களைச் சொல்ல ஆசையாக இருக்கிறது, ஆனால் சொன்னால் அவர்களுக்குச் சங்கடம் வரும் என்று முதல் நூலில் டக்ளஸ் எழுதுகிறார். அப்போது அந்தப் பையன்கள் வளர்ந்த மனிதர்கள். அடிமை முறை நிலவிய ஊரில், அடிமைக்கு எழுத்தறிவித்தவன் என்ற பெயர் ஆபத்தானது. நன்றிக்கடனைத் தீர்க்க ஒரு வழி பெயர் சொல்வது. இன்னொரு வழி சொல்லாமல் விடுவது.

1834இல், 16 வயதில், அடிமைகளை 'அடக்குவதில்' பெயர்பெற்ற எட்வேர்ட் கோவி என்ற பண்ணைக்காரனிடம் ஒரு வருடத்துக்கு வாடகையாக அனுப்பப்படுகிறார். அங்கு பட்ட அடிகளும், ஒருநாள் திரும்பி நின்று ஏறத்தாழ இரண்டு மணிநேரம் மல்லுக்கட்டியதும், அதன்பின் கோவி அவர்மேல் கை வைக்காததும் எல்லாத் தொகுப்புகளிலும் எடுத்துப் போடப்படும் பகுதி. ஆகவே நான் அதை விவரிக்கப் போவதில்லை. அதற்குப் பிறகு மீண்டும் பால்ட்டிமோரில், கப்பல் பலகை இடுக்குகளில் சணல் திணித்துக் கீல் பூசும் தொழிலாளியாகிறார். நாளொன்றுக்கு ஒன்றரை டொலர் வரை உழைப்பு. சனி இரவில் அவ்வளவும் எசமான் கைக்குப் போய்விடும். ஆறு டொலர் கொடுத்தால் உற்சாகமூட்டுவதற்காக ஆறு சதம் திருப்பிக் கொடுப்பானாம். அந்த ஆறு சதம் தமக்கு ஆத்திரத்தையே மூட்டியதாக டக்ளஸ் எழுதுகிறார். முழுவதும் எனக்குரியது என்பதை அவனே ஒப்புக்கொள்வதுபோல அல்லவா அது!

1838 செப்டெம்பர் 3ஆம் திகதி அவர் தப்பிச் சென்றார். நியூயோர்க் போய்ச் சேர்ந்தார். 1845இல் வெளிவந்த முதல் நூல் இந்தத் திகதியைச் சொல்கிறது. எப்படிச் சென்றார், எந்த வழியால், யார் உதவினார்கள் என்பதைச் சொல்லவில்லை. சொல்லப்போவதில்லை என்பதை மட்டும் வெளிப்படையாகச் சொல்கிறது.

அந்த நூல் பிறந்த சூழ்நிலையை அறிந்தால்தான் இந்த மௌனத்தின் விலை விளங்கும். 1841 தொடக்கம் டக்ளஸ் அடிமை ஒழிப்புக் கூட்டங்களில் பேசிவந்தார். இவ்வளவு நன்றாகப் பேசுபவன் அடிமையாக இருந்திருக்க முடியாது, கதை விடுகிறான் என்று சபையோர் சந்தேகித்தார்கள். அந்தச் சந்தேகத்தைப் போக்கவே எசமானின் பெயர், ஊர்ப் பெயர் எல்லாவற்றையும் பகிரங்கமாக எழுதினார். சட்டப்படி அவர் அப்போதும் வேறொருவனின் சொத்து. பிடித்துக்கொண்டு போகலாம். தம்மைப் பற்றிய இரகசியம் எல்லாவற்றையும் வெளியே போட்டவர், பிறரைப் பற்றிய இரகசியத்தை மட்டும் பூட்டி வைத்தார். நம்பாத வாசகனை நம்பவைக்க அந்தத் தப்பியோட்டக் கதையைவிடச் சிறந்த சான்று வேறென்ன இருக்கிறது? விற்பனைக்கும் அதுவே உதவியிருக்கும்.

அவர் சொல்லும் காரணங்கள் இரண்டு. உதவியவர்கள் அகப்படுவார்கள் என்பது ஒன்று. தாம் சென்ற வழி அடைபட்டு, பின்னால் வரக்கூடிய இன்னொரு அடிமைக்கு இல்லாமற் போகும் என்பது மற்றையது. இரண்டாவது காரணம் வெறும் ஊகமல்ல. 1849இல் ஹென்றி பிறவுன் என்ற அடிமை தம்மை ஒரு மரப்பெட்டிக்குள் அடைத்து, ரிச்மண்ட் நகரிலிருந்து பிலடெல்பியாவுக்குப் பொதியாக அனுப்பச் செய்து தப்பினார். 27 மணிநேரப் பயணம். அந்தக் கதை எங்கும் பரவியது. அவர் பெயரே பொக்ஸ் பிறவுன் என்றாயிற்று. அவரை அனுப்பிவைத்த வெள்ளைக்காரக் கடைக்காரர் மேலும் சிலரை அதே முறையில் அனுப்ப முயன்றபோது பிடிபட்டுச் சிறை சென்றார். 1855இல் எழுதிய இரண்டாவது நூலில், இந்தக் கதை பரவியிராவிட்டால் வருடத்துக்கு ஆயிரம் பேர் அவ்வாறே தப்பியிருக்கலாமே என்று டக்ளஸ் வருந்துகிறார். நல்ல கதையொன்று கையில் கிடைத்தால் உடனே சொல்லிவிடத் துடிக்கும் நம்மைப் போன்ற எழுத்துக்காரர்களுக்கு இது கொஞ்சம் உறைக்கத்தான் செய்யும்.

இடையில் ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். முதல் நூல் வெளிவந்ததும் தொம்சன் என்ற மேரிலாந்துப் பக்கத்து மனிதர் ஒரு மறுப்பு எழுதினார். இந்த ஆளை எனக்குத் தெரியும், படிப்பறிவில்லாத சாதாரண அடிமை, இப்படியொரு நூலை அவன் எழுதியிருக்கவே முடியாது என்பது அவரது வாதம். டக்ளஸ் அவருக்கு நன்றி தெரிவித்துப் பதில் எழுதினார். நான் அடிமையாக இருந்தேன் என்பதற்கு இனி வேறு சாட்சி வேண்டாமே! அப்போது அவர் பிரித்தானியாவில் இருந்தார். அங்குள்ள நண்பர்கள் 1846இல் 150 பவுண் திரட்டி எசமானுக்குக் கொடுத்து அவரைச் சட்டப்படி விடுவித்தார்கள்.

1865இல் அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்தது. 1881இல் வெளிவந்த மூன்றாவது நூலில்தான், 43 வருடங்களுக்குப் பின், தப்பிய கதை முழுமையாக வருகிறது. கேளுங்கள்.

சுதந்திரமான கறுப்பினத்தவர் மேரிலாந்தில் பயணம் செய்ய, அடையாளங்கள் எழுதப்பட்ட பத்திரம் வைத்திருக்கவேண்டும். டக்ளசின் கடலோடி நண்பர் ஒருவர் தம்முடைய மாலுமிப் பத்திரத்தை இரவல் கொடுத்தார். அதிலிருந்த அங்க அடையாளம் டக்ளசைவிட நன்கு கறுத்த ஒரு மனிதனுக்குரியது. யாராவது நிதானமாக வாசித்தால் இருவரும் தொலைந்தார்கள். புகையிரத நிலையத்தில் பயணச்சீட்டு வாங்கப் போனால் பத்திரத்தை ஆராய்வார்கள். ஆகவே புகையிரதம் புறப்படும் கணத்தில், சிவப்புச் சட்டையும் மாலுமித் தொப்பியுமாக ஓடி ஏறுகிறார். பரிசோதகர் வருகிறார். பத்திரத்தின் தலைப்பிலுள்ள அமெரிக்கக் கழுகுச் சின்னத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் கட்டணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். பின்னர் ஓரிடத்தில் எதிர்த்திசையில் நின்ற புகையிரதத்தில், சில நாட்களுக்கு முன் தாம் வேலை செய்த கப்பலின் கப்டன். அவர் இந்தப் பக்கம் திரும்பவில்லை. தம்முடன் பயணம் செய்த, தம்மை நன்கறிந்த ஜெர்மன் கொல்லர் ஒருவரோ உற்று உற்றுப் பார்த்தார். அவர் தம்மை அடையாளம் கண்டுகொண்டார், காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை என்றே டக்ளஸ் நம்புகிறார். ஒரு நாளுக்குள் நியூயோர்க்.

இந்தப் பகுதியை முதலில் வாசித்தபோது நான் ஒரு கேள்வியையும் கேட்கவில்லை. பயணக் கட்டணம் எங்கிருந்து வந்தது? வாரக்கூலியில் பெரும்பங்கை எசமானிடம் கொடுத்துவிடும் மனிதரிடம் அவ்வளவு பணம் ஏது? இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியது பல வருடங்கள் கழித்து, அவருடைய மகள் ரொசெட்டா 1900இல் நிகழ்த்திய உரையை வாசித்தபோதுதான். அது தம் தாயைப் பற்றிய உரை.

தாயின் பெயர் அன்னா மரே. சுதந்திரமான கறுப்பினப் பெண். பால்ட்டிமோரில் வீட்டு வேலை செய்து வருடக்கணக்காகச் சேமித்தவர். அந்தச் சேமிப்பை அவர் தப்பியோட்டத்துக்குக் கொடுத்தார். அது போதாமல், தம்மிடமிருந்த இறகு மெத்தைகளுள் ஒன்றை விற்றார் என்று மகள் சொல்கிறார். டக்ளஸ் நியூயோர்க்கிலிருந்து செய்தி அனுப்பியதும் புறப்பட்டுப் போனார். செப்டெம்பர் 15ஆம் திகதி திருமணம். நியூ பெட்போர்ட் நகரில் முதல் குடித்தனத்துக்கு வேண்டிய மெத்தை, தலையணை, படுக்கை விரிப்பு, பாத்திரம், கத்தி, கரண்டி எல்லாம் அன்னா கொண்டுவந்தவை. கணவர் இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் பேசிக்கொண்டிருந்த காலத்தில், லின் நகரில் சப்பாத்துத் தைத்துக் குடும்பத்தைப் பார்த்தார். அதிலும் மிச்சம் பிடித்து அடிமை ஒழிப்பு நிதிக்குக் கொடுத்தார். பின்னர் ரொச்செஸ்டரில் அவர்கள் வீடு, கனடாவுக்குத் தப்பியோடும் அடிமைகள் தங்கிச் செல்லும் இடமாயிற்று. எந்நேரத்தில் வந்து கதவைத் தட்டினாலும் எழுந்து சோறு கறி என்று நாம் சொல்வோமே, அப்படி ஆக்கிப் போட்டவர் அன்னா. அவருக்கு எழுத்து வாசனை அதிகம் இல்லை.

முதல் நூலில் அன்னா வந்து சேர்ந்த செய்தியும் திருமணச் சான்றிதழும் இருக்கின்றன. அவ்வளவுதான். மூன்றாவது நூலிலும், நான் வாசித்தவரையில், மெத்தையைப் பற்றி ஒரு சொல் இல்லை. 1845இல் டக்ளஸ் காத்த மௌனத்தை நான் தியாகம் என்று தயங்காமல் சொல்வேன். 1881இல் யாரையும் பாதுகாக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. அந்த மௌனத்துக்கு எனக்கு நியாயம் தெரியவில்லை. தம் குடும்ப வாழ்க்கை பொதுமக்களுக்குரியதல்ல என்று அவர் கருதியிருக்கலாம் என்பார்கள். அந்தக் காலத்து ஆண்கள் பலர் அப்படித்தான் எழுதினார்கள். இருந்தாலும், டக்ளஸ் என்ற பெயருக்கு ஸ்கொட்டின் ஒரு காவியம் காரணமென்பதைச் சொல்ல அவருக்கு இடம் இருந்ததே! அன்னா 1882இல் காலமானார். டக்ளஸ் 1895இல்.

ஆசிரியை அவர்களுக்கு: 1845இல் வந்த முதல் நூலையே மாணவர்களிடம் கொடுங்கள். சிறிய நூல், ஒரு வார இறுதியில் வாசித்து முடிக்கலாம். அதனோடு 'என் நினைவில் என் தாய்' என்று பொருள்படும் தலைப்பிலுள்ள ரொசெட்டாவின் உரையையும் சேர்த்துக் கொடுங்கள். அது 1923இல் ஒரு வரலாற்றுச் சஞ்சிகையில் வெளியாகியிருக்கிறது. சில பக்கங்கள்தான். திருமணத்தன்று அன்னா உடுத்தியிருந்த புதிய பட்டுச் சட்டையின் நிறத்தைக்கூட மகள் அதில் குறித்து வைத்திருக்கிறார்.