சுக்குக் கஷாயம் எதுவரை?

ஹைதராபாத்தின் அமீர்பேட் விடுதிகளில் தங்கி சாஃப்ட்வேர் படிப்பவர்களுக்கு இருமல் வந்தால் கைகொடுப்பவை பெரும்பாலும் இரண்டு: வீட்டிலிருந்து வந்த சுக்குப்பொடி, அல்லது சீட்டில்லாமல் வாங்கும் ஆன்டிபயாட்டிக். இரண்டுக்கும் எல்லை உண்டு.

இஞ்சி, மஞ்சள், சித்தரத்தை, ஏலக்காய் எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். மஞ்சளின் குர்குமினும் இஞ்சியின் ஜிஞ்சராலும் ஆய்வகத் தட்டில் பல பாக்டீரியாக்களைத் தடுக்கின்றன. ஆனால் விழுங்கிய குர்குமினில் மிகச் சிறு பங்கே ரத்தத்தில் சேர்கிறது. அதையும் கல்லீரல் விரைவில் மாற்றிவிடுகிறது. எனவே கஷாயம் தொண்டைக்கு இதம் தரும். நிமோனியாவையோ காசநோயையோ குணப்படுத்தாது.

சாதாரணச் சளி வைரஸால் வருவது. அதற்கு ஆன்டிபயாட்டிக் பயன்படாது; வீணாகச் சாப்பிட்டால், மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருக வழிவிடும். ஹைதராபாத்துக்கு இது தெரிந்த ஆபத்து. நகரை அடுத்த பட்டான்செருவில் மருந்து ஆலைக் கழிவுநீரைச் சுத்திகரித்து வெளியேற்றிய நீரில், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃபிளாக்சசின் இருந்ததை 2007இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அந்த மருந்தைச் சாப்பிடும் நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைவிட இது அதிகம்.

கடையில் கவனிக்க வேண்டியவை

அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு கட்டாயம். கூடுதல் கட்டுப்பாடுள்ள மருந்துகளுக்கென 2014 மார்ச் முதல் அமலில் உள்ள ஹெச்1 பட்டியலில் இருப்பவற்றை விற்றால், டாக்டர் பெயரையும் நோயாளி பெயரையும் கடைக்காரர் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். பில் கேட்டு வாங்குங்கள். புகாருக்கு அதுதான் ஆதாரம்.

மஞ்சள் மாத்திரை புற்றுநோயையோ நீரிழிவையோ தீர்க்கும் என்று விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தவறான விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் சட்டம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். மருந்தின் பக்கவிளைவைத் தெரிவிக்க 1800 180 3024.

சமையலில் சேரும் மஞ்சளுக்கு அஞ்ச வேண்டாம். மிளகுச் சத்து சேர்த்த அடர் மாத்திரைகளால் கல்லீரல் பாதித்தவர்கள் உண்டு. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் அவற்றைத் தொடக்கூடாது.

இரண்டு வாரம் தாண்டிய இருமல், மூச்சுத்திணறல், சளியில் ரத்தம், விடாத காய்ச்சல் இவற்றில் எது இருந்தாலும் கஷாயத்தை நம்பிக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். காசநோய்ப் பரிசோதனையும் சிகிச்சையும் அரசு மருத்துவமனைகளில் இலவசம்.