பூதப்பாண்டிப் பையன் போட்ட நாடகம்

நாகர்கோவிலுக்கு வடக்கே இருக்கிறது பூதப்பாண்டி. ஒரு பக்கம் தாடகை மலை. ஊரைச் சுற்றிப் பச்சைப் பசேல் என்று வயல்கள். ஊருக்குள்ளே பூதலிங்கசாமி கோவில். நாஞ்சில் நாட்டின் அழகெல்லாம் சேர்ந்த ஊர்.

இந்த ஊரில் 1907-ம் ஆண்டு ஆகஸ்டு 21-ந் தேதி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தந்தை பட்டன் பிள்ளை. தாய் உமையம்மாள். குழந்தைக்குச் சொரிமுத்து என்று பெயர் வைத்தார்கள்.

சொரிமுத்துவுக்குப் பாட்டிலும் கதையிலும் ஆசை அதிகம். பத்தாம் வகுப்பு படிக்கும்போதே ஒரு நாவல் எழுதினான். ஒரு நாடகமும் எழுதினான். நாடகத்தின் பெயர் "ஞானபாஸ்கரன்". எழுதியதோடு நிற்கவில்லை. தானே வேடம் போட்டு நடித்தான்.

யார் இந்தச் சொரிமுத்து? பிற்காலத்தில் தமிழ்நாடு முழுவதும் "ஜீவா" என்று அன்போடு அழைத்த ப.ஜீவானந்தம்தான் அவர்!

ஓர் இரவு நாடகம்

அது 1920-களின் தொடக்கம். நாஞ்சில் நாடு அப்போது திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சியில் இருந்தது. சினிமா இருந்தது, ஆனால் பேசவில்லை. தமிழின் முதல் பேசும் படமான "காளிதாஸ்" 1931-ம் ஆண்டில்தான் வெளிவந்தது. மாணவர் போடும் நாடகத்தைப் படம் பிடித்து வைப்பது கனவிலும் நடக்காத காரியம்.

பெரிய நாடகக் கம்பெனி என்றால், இன்று நடந்த நாடகம் நாளையும் நடக்கும். அடுத்த ஊரிலும் நடக்கும். மாணவர் நாடகம் அப்படி அல்ல. ஒரே ஓர் இரவுதான். திரை விழுந்தால் முடிந்தது. எழுதிய நோட்டுப் புத்தகம் தொலைந்தால் நாடகமும் தொலைந்தது.

அப்படியானால் அந்த உழைப்பெல்லாம் வீண்தானா?

இல்லை. நாடகம் போட்ட பையனுக்குள் அது தங்கிவிடுகிறது.

கடைசி வரிசையில் இருப்பவர் காதிலும் விழும்படி பேச வேண்டும். கூட நடிப்பவன் வசனத்தை மறந்தால் சமாளிக்க வேண்டும். நூறு பேர் பார்க்கும்போது கால் நடுங்காமல் நிற்க வேண்டும். இவை பாடப் புத்தகத்தில் வராத பாடங்கள்.

ஜீவா வாழ்நாள் முழுவதும் மேடையில் நின்றவர். வைக்கம், சுசீந்திரம் ஆகிய ஊர்களில் கோவிலைச் சுற்றிய தெருக்களில் எல்லோரும் நடக்க உரிமை கேட்டுப் போராட்டம் நடந்தது. அதில் இளைஞர் ஜீவா கலந்துகொண்டார். 1952-ல் சென்னை சட்டசபையில் உறுப்பினராக இருந்து பேசினார். கம்பன் பாட்டையும் பாரதி பாட்டையும் மக்கள் கூட்டத்தில் முழங்கினார். 1961-ல் தமிழ்நாடு கலை இலக்கியப் பெருமன்றத்தைத் தொடங்கினார். 1963-ம் ஆண்டு ஜனவரி 18-ந் தேதி மறையும் வரை அந்தக் குரல் ஓயவில்லை.

மேடையும் காமிராவும்

அதே நாஞ்சில் நாட்டில், நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-ல் பிறந்தவர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். அவரும் நாடகத்தில் வளர்ந்தவர். டி.கே.எஸ். சகோதரர்கள் மேடையில் நடத்திய "மேனகா" நாடகம் 1935-ல் சினிமாப் படமாக வந்தது. அதில் அந்தச் சகோதரர்களுடன் கிருஷ்ணனும் நடித்தார்.

மேடை வேறு; காமிரா வேறு. மேடையில் கையை வீசி, உரக்கப் பேசினால்தான் தூரத்தில் இருப்பவருக்குப் புரியும். காமிராவோ முகத்தின் அருகே வந்துவிடும். கண் இமை அசைந்தாலே போதும். அதுவே பெரிதாகத் தெரியும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. மேடையில் நகைச்சுவை சொன்னால் உடனே சிரிப்பு எழும். அந்தச் சிரிப்பு அடங்கும் வரை நடிகர் காத்திருந்து அடுத்த வசனத்தைச் சொல்வார். காமிரா சிரிக்காது. சிரிப்பு எங்கே வரும் என்று நடிகரே ஊகித்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே, நாடகத்தைப் படம் எடுத்தால் நாடகம் அப்படியே வந்துவிடும் என்று எண்ணக்கூடாது. பார்த்தவர்களின் மூச்சும் சிரிப்பும் கலந்ததுதான் நாடகம்.

கை நிறைய காமிரா

இன்று காலம் மாறிவிட்டது. பள்ளி ஆண்டு விழாவில் நாடகம் தொடங்கியதும் அப்பா, அம்மா, மாமா எல்லோரும் செல்போனைத் தூக்கிவிடுகிறார்கள். பின்னால் இருக்கும் பாட்டிக்கு மேடையே தெரிவதில்லை!

அதிலும் அவரவர் பிள்ளையை மட்டுமே எடுக்கிறார்கள். ராஜா படத்தில் இருப்பான். அவனை அழ வைத்த மந்திரி இருக்க மாட்டான். நூறு காமிரா இருந்தும் முழு நாடகம் எதிலும் இருக்காது.

இதற்கு வழி எளிது. படம் எடுக்க ஒருவர் போதும். மண்டபத்தின் நடுவே முக்காலி வைத்து, முழு மேடையும் தெரியும்படி காமிராவை நிறுத்தலாம். குரல் தெளிவாகக் கேட்க, மேடை அருகே தனியாக ஒரு மைக் வைக்கலாம். முகத்தை அருகில் காட்டும் காட்சிகளை ஒத்திகை நாளிலேயே எடுத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் நிம்மதியாக நாடகம் பார்க்கலாம்.

மாணவர்களே சேர்ந்து உருவாக்கும் நாடகத்துக்கு அச்சிட்ட புத்தகம் கிடையாது. ஒத்திகையில் வசனம் நாளுக்கு நாள் மாறும். ஆகவே கடைசியாகப் பேசிய வசனத்தை முழுவதும் எழுதி வைப்பது அவசியம். நடித்தவர் பெயரோடு, திரை இழுத்தவர் பெயரும் அதில் இருக்க வேண்டும்.

படத்தை ஊருக்கெல்லாம் அனுப்பும் முன் பெற்றோர்களின் சம்மதம் கேட்பது முறை.

மறுநாள் பாடம்

படம் எடுத்த பிறகுதான் முக்கியமான வேலை இருக்கிறது. மறுநாள் ஆசிரியரும் மாணவர்களும் ஒன்றாக உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டும். குற்றம் கண்டுபிடிக்க அல்ல. எந்த இடத்தில் குரல் இறங்கியது? எந்த இடத்தில் ஜனங்கள் அமைதியானார்கள்? நாம் சொல்ல நினைத்தது அவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததா? இவற்றைப் பிள்ளைகளே பேச வேண்டும்.

தான் செய்ததைத் தானே பார்த்துத் திருத்திக்கொள்ளும் பழக்கம் அப்போது வரும். மார்க்கை விடப் பெரிய லாபம் அது.

சொரிமுத்துவின் நாடகத்தைப் படம் பிடிக்க அன்று காமிரா இல்லை. ஆனால் எழுத விட்டார்கள், நடிக்க விட்டார்கள். அந்தப் பையனிடமிருந்து நாட்டுக்கு ஒரு குரல் கிடைத்தது.

இன்று காமிரா ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. "பரீட்சை நேரத்தில் நாடகம் என்ன வேண்டிக்கிடக்கிறது?" என்று பிள்ளையைத் தடுக்காமல் இருந்தால் போதும். மேடை ஏற ஆசைப்படும் சொரிமுத்துகள் இன்றும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.