கடைசி நேரக் கடை ஓட்டம்: ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கடிகாரம்

சனிக்கிழமை மாலை 6 மணிக்குத் தம்பியின் பிறந்தநாள் விருந்து. இப்போது மணி 3. அணிச்சல் இன்னும் கடையில்தான் இருக்கிறது. பலூன், பனிக்கூழ், மெழுகுவத்தி, காகிதத் தட்டு எதுவும் வாங்கவில்லை. "அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம், வா!" என்று அப்பா கார் சாவியை எடுக்கிறார். 5.50-க்கு அனைவரும் வீடு திரும்பும்போது அணிச்சலின் கிரீம் ஒரு பக்கமாகச் சரிந்திருக்கிறது. இரண்டு பலூன்கள் வழியிலேயே வெடித்துவிட்டன. மெழுகுவத்தியை யாரும் வாங்கவே இல்லை.

நம்மில் பலர் வீட்டில் நடக்கும் கதைதான் இது. அம்மா அப்பாவைக் குறை சொல்வார். அப்பா போக்குவரத்து நெரிசலைக் குறை சொல்வார். அறிவியலைக் கேட்டால் வேறு காரணங்கள் சொல்லும்.

'அரை மணி' ஏன் நீள்கிறது?

ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தை மனிதர்கள் குறைத்தே மதிப்பிடுவார்கள். டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியல் அறிஞர்கள் 1979-ஆம் ஆண்டில் இதற்குத் 'திட்டமிடல் மாயை' என்ற பொருளில் ஒரு பெயர் சூட்டினார்கள்.

1994-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த கனடாப் பல்கலைக்கழக மாணவர்களிடம், எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கோளாறாகப் போனால் எத்தனை நாள் என்று கேட்டதற்கு, 49 நாள் என்றார்கள். உண்மையில் சராசரியாக 55 நாளுக்கும் மேல் ஆனது!

நாம் திட்டம் போடும்போது, தடங்கல் இல்லாத ஒரே ஒரு பயணத்தைத்தான் மனத்தில் ஓட்டிப் பார்க்கிறோம். முன்பு நடந்ததை மறந்துவிடுகிறோம். "இந்த முறை எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்பதைவிட, "போன முறை எவ்வளவு நேரம் ஆனது?" என்று கேட்பதே சரி.

வரிசையில் ஒளிந்திருக்கும் கணிதம்

கட்டணம் செலுத்தும் முகப்பில் ஒரு வாடிக்கையாளருக்குச் சராசரியாக 3 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். காசாளரின் நேரத்தில் பாதிதான் நிரம்பியிருக்கிறது என்றால், நாம் வரிசையில் காத்திருக்கும் சராசரி நேரம் 3 நிமிடம். 80 விழுக்காடு நிரம்பினால் 12 நிமிடம். 90 விழுக்காடு நிரம்பினால் 27 நிமிடம்!

கூட்டம் எட்டில் ஒரு பங்குதான் கூடியது. காத்திருப்போ இரண்டு மடங்கையும் தாண்டிவிட்டது. மக்கள் சீரான இடைவெளியில் வருவதில்லை. திடீரெனப் பத்துப் பேர் சேர்ந்து வந்தால், அந்த நெருக்கடியைக் கரைக்கக் காசாளருக்கு ஓய்வு நேரமே மிச்சமில்லை. டென்மார்க்கைச் சேர்ந்த எர்லாங் என்பவர் தொலைபேசி இணைப்பகங்களுக்காக 1909-இல் தொடங்கி வைத்த 'வரிசைக் கோட்பாடு' சொல்லும் எளிய கணக்கு இது. சனிக்கிழமை பிற்பகலில் பேரங்காடிக்குப் போகிறவர் இந்த 90 விழுக்காட்டில்தான் போய் மாட்டிக்கொள்கிறார்.

கார் என்னும் அடுப்பு

வெளியே 33 பாகை செல்சியஸ் வெயில். திறந்த வெளியில் நிறுத்திய காரின் கண்ணாடி வழியே சூரிய ஒளி உள்ளே நுழைகிறது. இருக்கைகள் அதை ஈர்த்துச் சூடாகி, காற்றையும் சூடாக்குகின்றன. சூடான காற்று வெளியேற வழியில்லை. அரை மணி நேரத்திற்குள் உள்ளே 45 பாகையை எளிதில் தாண்டிவிடும். "ஐந்து நிமிடம்தானே" என்று தம்பி தங்கையையோ வளர்ப்புப் பிராணியையோ காரில் விட்டுச் செல்லக்கூடாது என்பது இதனால்தான். அந்த ஐந்து நிமிடத்திற்கும் மேலே சொன்ன திட்டமிடல் மாயை பொருந்தும்.

பலூனுக்கும் இந்தச் சூடு ஆகாது. வாயு சூடானால் விரிவடையும். 23 பாகைக் குளிர்சாதனக் கடையில் நிரப்பிய பலூன், 50 பாகைக் காரில் சுமார் 9 விழுக்காடு விரிய முயலும். ரப்பர் பலூன் ஓரளவு நீண்டு கொடுக்கும். முட்டமுட்ட நிரப்பியிருந்தால் வெடிக்கும். பளபளக்கும் படலப் பலூன் நீளாது. அதன் ஓரம் பிரிந்துகொள்ளும்.

ஹீலியம் அணுக்கள் மிகச் சிறியவை. ரப்பரின் நுண்ணிய இடைவெளிகள் வழியே அவை மெல்லக் கசிகின்றன. அதனால் சாதாரண ரப்பர் பலூன் ஏறத்தாழ 12 முதல் 24 மணி நேரம்தான் மிதக்கும். முதல் நாளே வாங்கினால் விருந்தன்று தரையில் கிடக்கும்.

ஓர் எச்சரிக்கை: குரல் மாறுவதைக் கேட்கும் ஆசையில் ஹீலியத்தை உறிஞ்சாதீர்கள். அது நுரையீரலில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சில நொடிகளில் மயக்கம் வரலாம். உருளையிலிருந்து நேரடியாக உறிஞ்சினால் அழுத்தத்தால் நுரையீரலே கிழியலாம்.

அணிச்சலின் கடிகாரம்

அடித்த கிரீம் என்பது காற்றுக் குமிழிகளைக் கொழுப்புத் துளிகள் தாங்கி நிற்கும் ஒரு நுரை. கொழுப்பு இளகினால் குமிழிகள் உடையும், அலங்காரம் சரியும். கெட்டியான வெண்ணெய்கூட 32 முதல் 35 பாகையில் உருகிவிடும்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்தும் உண்டு. ஏறத்தாழ 5 முதல் 60 பாகை வரையிலான வெப்பநிலையில் பாக்டீரியா வேகமாகப் பெருகும். தோதான சூழலில் சில வகைகள் 20 நிமிடத்திற்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அப்படியானால் 1,000 பாக்டீரியா இரண்டு மணி நேரத்தில் 64,000 ஆகும். கெட்டுப்போகக்கூடிய உணவைக் குளிர்ப்பெட்டிக்கு வெளியே 2 மணி நேரத்திற்கு மேல் வைக்க வேண்டாம், வெப்பம் 32 பாகையைத் தாண்டினால் 1 மணி நேரம்தான் என்கிறது அமெரிக்க வேளாண் துறையின் வழிகாட்டல். நம் நாட்டு வெயிலுக்கு அந்த 1 மணி நேரக் கணக்கே பொருந்தும்.

எதை முதலில் வாங்குவது?

ஐந்து கடைகளுக்கு 120 வெவ்வேறு வரிசைகளில் போகலாம் (5×4×3×2×1). எல்லாவற்றையும் ஆராயத் தேவையில்லை. 'அணிச்சலும் பனிக்கூழும் கடைசி இரண்டு' என்று ஒரே ஒரு விதி வைத்தால் 12 வழிகள்தான் மிஞ்சும். அவற்றுள் குறைந்த தூரத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

மெழுகுவத்திக்கும் காகிதத் தட்டுக்கும் கடிகாரமே இல்லை. ஒரு வாரம் முன்பே வாங்கிவிடலாம். பலூனை விருந்தன்று காலையில் வாங்குங்கள். அணிச்சலைச் சாய்ந்த இருக்கையில் வைக்காமல், குளிரூட்டிய காரின் சமமான தரையில் வையுங்கள். பட்டியலை மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்; நம் நினைவு ஒரே நேரத்தில் நான்கைந்து பொருள்களைத்தான் பிடித்து வைக்கும். மெழுகுவத்தி மறந்துபோன மர்மம் இதுதான். தாளில் எழுதி, வாங்க வாங்க அடித்துவிடுங்கள்.

செய்து பாருங்கள்

ஒரு பலூனை ஊதிக் கட்டுங்கள். அதன் நடுவே நூலைச் சுற்றிச் சுற்றளவை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 60 செ.மீ. இருந்தால் நல்லது. அரை மணி நேரம் குளிர்ப்பெட்டியில் வைத்து, எடுத்தவுடன் மீண்டும் அளங்கள். ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. வரை குறைந்திருக்கும். பிறகு மேசைமேல் வைத்து, 5 நிமிடத்திற்கு ஒருமுறை அளந்து வரைபடம் வரையுங்கள். பழைய அளவுக்குத் திரும்ப எத்தனை நிமிடம் ஆகும் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.