விளையாட்டு கற்றுத்தரும் ஆங்கிலம்

மன்னார்த் தீவிலும் அதனை அண்டிய கரையோரக் கிராமங்களிலும் கைத்தொலைபேசி இன்று பிள்ளைகளின் கைக்கு எட்டும் பொருளாகிவிட்டது. 2020 ஆம் ஆண்டு கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, இணையவழிக் கல்விக்கென வீடுகளுக்குள் நுழைந்த அக்கருவி, பாடசாலைகள் திறந்த பின்னரும் வெளியேறவில்லை. பாடத்துக்கென வாங்கியது விளையாட்டுக்கே பயன்படுகிறதே எனப் பெற்றோர் கவலைப்படுகின்றனர். அதேவேளை, வகுப்பறையில் ஆங்கிலம் பேசக் கூச்சப்படும் பிள்ளை, விளையாட்டில் வரும் ஆங்கிலச் சொற்களைத் தயக்கமின்றி உச்சரிப்பதையும் அவர்கள் கேட்கின்றனர். இது உண்மையான கற்றல்தானா என்ற வினா எழுவது இயல்பே.

இக்கரையின் வரலாறு இவ்வினாவுக்கு ஒரு பகுதி விடையைத் தருகிறது. அரிப்பு, சிலாவத்துறை முத்துக்குளிப்புக் காலங்களில் தமிழரும் முஸ்லிம்களும் அரபு நாட்டவரும் ஒரே கரையில் கூடித் தொழில் செய்தனர். 1560 இல் மன்னாருக்கு வந்த போர்த்துக்கேயரும் 1658 இல் அதனைக் கைப்பற்றிய ஒல்லாந்தரும் சென்றுவிட்டனர். கதிரை, மேசை, அலவாங்கு, சாவி என்ற போர்த்துக்கேயச் சொற்களும், கந்தோர் என்ற ஒல்லாந்தச் சொல்லும் நம்மிடம் தங்கிவிட்டன. இச்சொற்களை நம் முன்னோர் இலக்கண நூல்களில் படிக்கவில்லை. பொருளோடும் தேவையோடும் சேர்ந்தே அவை நாவில் ஏறின.

வீடியோ விளையாட்டு கற்பிப்பதும் இவ்வழியில்தான். திரையில் ஒரு கதவு பூட்டியிருக்கிறது. 'கீ' வேண்டும் என்ற எழுத்துகள் தோன்றுகின்றன. அச்சொல்லின் பொருளை அறியாதவன் அடுத்த கட்டத்துக்குச் செல்ல முடியாது. பிழை விட்டால் எவரும் நகைப்பதில்லை, மறுபடியும் முயலலாம். விளங்கக்கூடிய செய்திகளைப் பெறுவதன் மூலமே மொழி கைவருகிறது என்றும், அச்சமும் பதற்றமும் அதற்குத் தடையாகின்றன என்றும் அமெரிக்க மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன் 1980 களில் விளக்கினார். வகுப்பறையில் நீங்காத அச்சம் விளையாட்டில் நீங்கிவிடுகிறது.

சுவீடன் நாட்டில் 11, 12 வயதுடைய 86 மாணவரிடையே நடத்தப்பட்டு 2012 இல் வெளியான ஓர் ஆய்வில், வாரத்தில் ஐந்து மணித்தியாலமோ அதற்கு மேலோ விளையாடியோர் ஆங்கிலச் சோதனைகளில் முன்னிலை வகித்தனர். எனினும் இதனை நாம் அப்படியே ஏற்றுக்கொள்ள முடியாது. சுவீடிய மொழி ஆங்கிலத்துக்கு உறவான மொழி. அங்குள்ள பிள்ளைகள் தொலைக்காட்சியிலும் நாள்தோறும் ஆங்கிலம் கேட்பவர்கள். மேலும், ஆங்கிலம் நன்கு தெரிந்த பிள்ளைகளே அதிகம் விளையாட முற்பட்டிருக்கவும் கூடும்.

நமக்கு அதிகம் பயன்படக்கூடியது 2010 இல் வெளியான மற்றோர் ஆய்வு. ஜப்பானில் 80 பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் இருவராகப் பிரிக்கப்பட்டனர். ஒருவர் ஆங்கில இசை விளையாட்டொன்றை 20 நிமிடங்கள் விளையாட, மற்றவர் அதனை வேறொரு திரையில் பார்த்துக்கொண்டிருந்தார். இரு சாராரும் சில சொற்களைக் கற்றனர். ஆனால் விளையாடியவரை விடப் பார்த்திருந்தவரே அதிக சொற்களை நினைவில் வைத்திருந்தார். பொத்தான்களை அழுத்துவதிலேயே கவனம் செலவழிந்தவருக்குச் சொற்களைக் கவனிக்க அவகாசம் இருக்கவில்லை. ஒரே தொலைபேசியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் வீடுகளில், அண்ணன் விளையாடுவதை அருகிலிருந்து பார்க்கும் தங்கை, அவனை விட அதிகம் கற்கக்கூடும் என்பதையே இது உணர்த்துகிறது.

ஆகவே விளையாட்டு தானாகவே ஆசிரியராகிவிடுவதில்லை. சுடுவதையும் ஓடுவதையும் மட்டுமே கொண்ட விளையாட்டுகள் தருவது ஏவற்சொற்கள் சிலவற்றையே. அவற்றைக் கொண்டு விண்ணப்பம் எழுதவோ, நேர்முகப் பரீட்சையில் விடையளிக்கவோ இயலாது. அறிமுகமற்றவர்களுடன் உரையாடும் வசதியுள்ள விளையாட்டுகளில் வசைச்சொற்களும் ஆபத்துகளும் உள்ளன. பணம் கேட்கும் பொறிகளும் உள்ளன. கட்டுப்பாடிழந்த விளையாட்டுப் பழக்கத்தை உலக சுகாதார அமைப்பு 2019 இல் நோய்களின் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. உறக்கத்தையும் தொழுகையையும் படிப்பையும் விழுங்கும் விளையாட்டுக்கு ஆங்கிலத்தைச் சாட்டாகக் காட்ட முடியாது.

செய்யக்கூடியவை எளிமையானவை. கதையும் வாசிப்பும் உள்ள விளையாட்டுகளைத் தெரிவு செய்யலாம். நேரத்தை வரையறுக்கலாம். நாளொன்றுக்குப் புதிய சொற்கள் ஐந்தைக் குறிப்பேட்டில் எழுதச் செய்து, அவற்றைக் கொண்டு வாக்கியம் அமைக்கச் சொல்லலாம். தாய்க்கோ தந்தைக்கோ ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டுமென்பதில்லை, "இப்போது அது என்ன சொல்கிறது?" என்று தமிழில் கேட்டாலே போதும். விளக்கிச் சொல்லும் பிள்ளை இருமுறை கற்கிறது. ஆங்கில ஆசிரியரும் மாணவர் விளையாட்டில் கற்ற சொற்களை வகுப்புக்கு வரவழைத்துப் பாடமாக்கலாம்.

அரச கந்தோரிலும் உயர்கல்வியிலும் தொழிற்சந்தையிலும் ஆங்கிலம் இன்றிப் பின்தள்ளப்படும் நிலை, பேசாலைப் பிள்ளைக்கும் எருக்கலம்பிட்டிப் பிள்ளைக்கும் ஒன்றே. தனியார் வகுப்புக்குப் பணம் செலுத்த முடியாத வீட்டிலும் அந்தத் தொலைபேசி இருக்கக்கூடும். அதனைப் பறித்து ஒளித்து வைப்பதை விட, பிள்ளையின் அருகில் அரை மணித்தியாலம் அமர்ந்திருப்பது பயனுடையது.