பழைய எடை காத்திருக்கும்

நெகிரி செம்பிலான் தோட்டத்தில் செம்பனைக் குலை தூக்கி முதுகு பிடித்தவரோ, சிரம்பான் ஜிம்மில் தோள் பிசகியவரோ, பல மாத ஓய்வுக்குப் பின் எடையைத் தொடும்போது விட்ட இடத்திலிருந்தே தொடங்கத்தான் ஆசைப்படுவார். காயம் திரும்புவதும் அங்கேதான்.

வேலூர் பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில், 77 கிலோ பிரிவில், மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். பின்னர் தேசியப் போட்டியொன்றில் 194 கிலோவை முயன்றபோது தொடைத் தசையில் காயம். அது முழுதாக ஆறாத நிலையில் 2018 கோல்ட் கோஸ்ட்டில் அவர் தூக்கியது 317 கிலோ. முன்பைவிட 11 கிலோ குறைவு, ஆனாலும் தங்கம். வெற்றி உறுதியானதும் கடைசி முயற்சியை அவர் எடுக்கவே இல்லை.

பழகிய தசைக்குப் பலம் சீக்கிரம் திரும்பிவிடும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் மெதுவாகத்தான் தேறும். எனவே மருத்துவர் அனுமதித்த பின், பழைய எடையில் பாதிக்கும் குறைவாகத் தொடங்குங்கள். மறுநாள் காயம்பட்ட இடத்தில் வலி கூடினால் எடையைக் குறையுங்கள். வலி இல்லாவிட்டால் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். பகலெல்லாம் குலை தூக்குவோர் அந்தச் சுமையையும் மாலைப் பயிற்சிக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.