தொட்டியில் பாசியா? தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள்!

கடந்த பள்ளி விடுமுறையில் ஜார்ஜ்டவுனில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அடுக்குமாடி வீடு. கதவைத் தட்டினால் ஓடி வந்து பையை வாங்கிக்கொள்ளும் அக்கா மகன் அன்று வரவில்லை. ஐந்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. வாளியும் கையுமாக மீன் தொட்டியின் அருகே நின்றுகொண்டிருந்தான். முகம் வாடியிருந்தது.

"என்னப்பா, மாமாவைக்கூடக் கவனிக்கவில்லையா?" என்றேன்.

"மாமா, தண்ணி பச்சையாப் போச்சு. மீனே தெரியல. எல்லாத்தையும் கொட்டிட்டு, சவர்க்காரம் போட்டுக் கழுவப் போறேன். நாளைக்குள்ள சுத்தமாகலேன்னா அம்மா தொட்டியையே தூக்கிப் போட்டுடுவாங்களாம்!"

"முதலில் அந்த வாளியைக் கீழே வை" என்றேன்.

நான் பதறியதற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து காசு, பத்துக் காசாகச் சேர்த்து ஒரு கண்ணாடித் தொட்டியும் பன்னிரண்டு கப்பி மீன்களும் வாங்கினார்கள். ஒரு மாதத்தில் தண்ணீர் பச்சையானது. மறுநாள் பெற்றோர் வரும் நாள். ஆசிரியருக்குத் தெரியாததா? தொட்டியைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவி, குழாய்த் தண்ணீரை நிரம்பப் பிடித்து, மீன்களை விட்டேன். தண்ணீர் பளிங்குபோல் இருந்தது. மறுநாள் காலையில் பத்து மீன்கள் செத்து மிதந்தன. "ஏன் சார் செத்துப்போச்சு?" என்று கேட்ட பிள்ளைகளுக்கு என்னிடம் பதில் இல்லை. அன்று மாலைதான் மீன் வளர்ப்பைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

பாசி எங்கிருந்து வருகிறது?

பாசியை யாரும் கொண்டுவந்து போடுவதில்லை. அதன் நுண்ணிய வித்துகள் காற்றிலும் நீரிலும், வாங்கி வரும் செடியிலும் இருக்கின்றன. வெளிச்சமும் உரமும் கிடைத்தால் பெருகும். தோட்டத்து மக்களுக்கு இதை விளக்கவா வேண்டும்? செம்பனைக்குத் தழைச்சத்து உரம் போடுகிறோம். மீன் தொட்டியில் அந்த உரத்தை மீனே போடுகிறது. மீனின் கழிவிலிருந்தும் தின்னாமல் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகும். வடிகட்டிப் பஞ்சிலும் கற்களிலும் வாழும் நல்ல பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். அந்த நைட்ரேட்டைத்தான் பாசி உண்கிறது.

வெளிச்சத்துக்கோ நம் ஊரில் பஞ்சமே இல்லை. பினாங்கு பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 5 பாகையில் இருப்பதால், ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம். அக்கா வீட்டுத் தொட்டி இருந்த இடமோ கிழக்குச் சன்னல் ஓரம்! அதோடு, பையன் ஒரு நாளைக்கு மூன்று வேளை கைநிறையத் தீனி போட்டிருக்கிறான். "மீனுக்குப் பசிக்குமே மாமா" என்றான். அன்பினால்தான் போட்டான், அது மீனுக்குப் போனதைவிடப் பாசிக்குப் போனதே அதிகம்.

எந்தப் பாசி என்று பாருங்கள்

தண்ணீரே பட்டாணிச் சாறு போலப் பச்சையானால், அது நீரில் மிதக்கும் ஒற்றைச் செல் பாசி. துணியில் வடிகட்டினாலும் போகாது.

கண்ணாடியில் பழுப்புத் தூள் படிந்தால் பயம் வேண்டாம். புதுத் தொட்டிகளில் இது வழக்கம். விரலால் துடைத்தால் வந்துவிடும்; சில வாரங்களில் பெரும்பாலும் தானாகவே குறையும்.

கண்ணாடியில் கெட்டியான பச்சைப் புள்ளிகள் இருந்தால் பழைய பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டலாம்.

நூல் நூலாகப் படர்ந்தால் பழைய பல்துலக்கியைச் சுழற்றி, நூலைப் போலச் சுற்றி எடுத்துவிடலாம்.

இலை ஓரங்களில் கறுப்புத் தாடி போல் முளைத்தால் அது பிடிவாதக்காரப் பாசி. அந்த இலைகளை வெட்டி எறிவதே நல்லது.

நீலம் கலந்த பச்சையில், வழவழவென்று போர்வை போல் மூடி, நாற்றமும் அடித்தால், அது உண்மையில் பாசியே அல்ல, ஒருவகை பாக்டீரியா. குழாய் வைத்து உறிஞ்சி வெளியேற்றி, தீனியைக் குறைக்க வேண்டும்.

என் மீன்கள் ஏன் செத்தன?

கிருமிகளைக் கொல்லக் குழாய்த் தண்ணீரில் குளோரின் கலக்கிறார்கள். நமக்கு நன்மை செய்யும் அதே குளோரின் மீனின் செவுள்களை அரித்துவிடும். வடிகட்டியில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களையும் கொல்லும். தண்ணீரின் தன்மையும் சூடும் திடீரென்று மாறுவது அதற்கு மேல் ஓர் அதிர்ச்சி. சவர்க்காரத்தின் மிச்சம் கண்ணாடியில் ஒட்டியிருந்தாலோ, கேட்கவே வேண்டாம்.

ஆகவே வாரம் ஒரு முறை நாலில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். புதுத் தண்ணீரில் குளோரின் நீக்கும் மருந்தை, புட்டியில் போட்டிருக்கும் அளவுப்படி கலந்து ஊற்றுங்கள். வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் அலசுங்கள்.

லாலான் தந்த பாடம்

லாலான் புல்லை வெட்டி வெட்டி மாய்ந்தவர்கள் நாம். வெட்டினால் மறுபடி முளைக்கும். ஆனால் மூடுபயிர் படர்ந்து, பால்மரம் வளர்ந்து நிழல் கட்டிவிட்டால் லாலான் தலையெடுக்காது. தொட்டியிலும் அதே பாடந்தான். தொட்டியைச் சன்னலை விட்டு நகர்த்துங்கள். விளக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் போதும். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே தீனி போடுங்கள். ஹைட்ரில்லா போன்ற நீர்ச்செடிகளையும், மலாயில் கியாம்பாங் என்று சொல்லும் மிதக்கும் செடியையும் வளருங்கள். உரத்தை அவை உண்டுவிட்டால் பாசி பட்டினி கிடக்கும்.

பச்சைத் தண்ணீருக்கு இன்னொரு வழி: தொட்டியைக் கறுப்புத் துணியால் மூன்று நான்கு நாள் முழுவதும் மூடிவையுங்கள். காற்றுக் குழாய் ஓடிக்கொண்டே இருக்கட்டும். இருட்டில் பாசியும் பிராணவாயுவை உறிஞ்சும். பிறகு, செத்த பாசி அழுகுமுன் ஒரு பங்கு தண்ணீரை மாற்றிவிடுங்கள்.

பாசியைத் தின்னட்டும் என்று "ஈக்கான் பண்டாராயா" வாங்குகிறவர்களும் உண்டு. நகராண்மைக் கழகத் தொழிலாளி போல் துப்புரவு செய்வதால் வந்த பெயர். தென் அமெரிக்காவைச் சேர்ந்த அது ஓர் அடிக்கு மேல் வளரும். சிறிய தொட்டிக்கு ஏற்றதல்ல. தொட்டி கொள்ளாமல் போனதும் ஆற்றில் விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டதால்தான் இன்று நம் ஆறுகளில் அது பெருகி, நாட்டு மீன்களுக்குத் தொல்லையாகிவிட்டது. தொட்டி மீனையும் செடியையும் ஆற்றிலோ சாக்கடையிலோ விடாதீர்கள்.

பச்சைத் தண்ணீருக்கும் பெருமை உண்டு

பினாங்கு குளுகோரில் இருந்த மீன்வள ஆய்வு நிலையத்தில், 1960களின் தொடக்கத்தில், எஸ். டபிள்யூ. லிங் என்னும் அறிஞர் ஊடாங் காலா எனும் பெரிய ஆற்று இறாலின் குஞ்சுகள் பிழைக்கச் சற்றே உப்புக் கலந்த நீர் வேண்டும் என்று கண்டறிந்தார். 1965இல் மலேசியாவிலிருந்து ஹவாய்த் தீவுக்குப் போன தாய் இறால்களைக் கொண்டு, அங்கே ஃபுஜிமுரா என்பவர் குஞ்சு பொரிக்கும் முறையை வளர்த்தார். அதன் பெயரே "பச்சை நீர் முறை". பாசி மிதக்கும் நீரிலேயே குஞ்சுகளை வளர்த்தார்கள்! நாம் கொட்ட நினைக்கும் பச்சைத் தண்ணீர் அங்கே இறாலுக்குத் தொட்டில்.

இதைச் சொன்னதும் பையனின் கண்கள் விரிந்தன. இருவரும் சேர்ந்து தொட்டியை நிழலுக்கு நகர்த்தி, கறுப்புத் துணியால் மூடினோம். அக்காவிடம் இரண்டு வாரம் தவணை வாங்கினேன். "உனக்காகத்தான் தம்பி" என்று முணுமுணுத்தபடியே ஒப்புக்கொண்டார்.

பத்தாம் நாள் தொலைபேசியில் கூப்பிட்டான். "மாமா! ஏழு மீனும் தெரியுது! அம்மாதான் இப்ப தீனி போடுறாங்க. நான்தான், போதும்மான்னு சொல்றேன்."

தோட்டப் பள்ளியின் அந்தப் பிள்ளைகளுக்கு அன்று சொல்ல முடியாத பதிலைத்தான் இன்று இங்கே எழுதியிருக்கிறேன்.